டிஜிட்டலா, அக்கூஸ்டிக்கா? வீட்டுக்குப் பியானோ வாங்கியவர்கள் அனுபவம்

நான் திருவான்மியூர். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டே தெரு. மகள் ட்ரினிட்டி இசைத் தேர்வில் மூன்றாம் கிரேடு முடித்ததும், இனி கீபோர்டு போதாது, பியானோ வாங்குங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டார். எனக்கு அக்கூஸ்டிக், அதாவது சுத்தியல் கம்பியைத் தட்டிச் சத்தம் வருகிற நிஜப் பியானோ மேல்தான் ஆசை. ஜப்பானிலிருந்து வந்த பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கிற பெட்டிப் பியானோ) ஒன்று பெசன்ட் நகரில் ஒரு வீட்டில் விற்பனைக்கு இருந்தது. தெரிந்த ட்யூனரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வெளியே முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளப்பு. உட்கார்ந்து இரண்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கொத்து) வாசித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றேன். அவர் பதில் சொல்லாமல் மேல்மூடியைத் திறந்து, முன்பலகையைக் கழற்றிக் கீழே வைத்து டார்ச் அடித்தார். கீழ் ஸ்தாயிக் கம்பிகளில் சுற்றியிருக்கும் செம்பில் பச்சை பூத்திருந்தது. சுத்தியல் ஃபெல்ட்டில் கம்பி பட்டுப் பட்டு மூன்று கோடு ஆழமாக விழுந்திருந்தது. ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. அப்புறம் ட்யூனிங் சாவியை ஒரு முளையில் மாட்டித் திருப்பினார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி சுற்றியது. "முளை பிடிக்கல சார். இன்னிக்குச் சுருதி சேர்த்தா அடுத்த வாரமே இறங்கிடும்."

ஏன் என்று வீடு திரும்பும்போது விளக்கினார். ஒரு பியானோவில் இருநூற்றுக்கும் மேல் கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுவை 15, 20 டன்னுக்குக் குறையாது. அந்தக் கம்பிகளை முறுக்கிப் பிடித்திருக்கும் முளைகளோ, மரக்கட்டையில் போட்ட துளைகளில் வெறும் இறுக்கத்தால் நிற்கின்றன. மழையில் மரம் உப்புகிறது, ஏசி போட்டால் சுருங்குகிறது, பிடி தளர்ந்துவிடுகிறது. ராத்திரி மட்டும் ஏசி ஓடுகிற அறைதான் ஏசியே இல்லாத அறையைவிட மோசமாம். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட அறைதான் இருக்கிறது.

அதனால் டிஜிட்டல். 88 கட்டையும் நிஜப் பியானோ மாதிரி விரலுக்குக் கனம் தெரிகிற, சுத்தியல் பொறிமுறை உள்ள மாடல். கடையில் டெமோ பாட்டைக் கேட்டு மயங்க வேண்டாம். ஒரே கட்டையை, சத்தம் வருமா வராதா என்கிற அளவுக்கு மெல்ல அழுத்திப் பாருங்கள். பெடலை மிதித்தபடி நிறைய சுரங்களை அடுக்குங்கள். ஒரே நேரத்தில் 64 சுரம் மட்டும் ஒலிக்கிற மாடல்களில் முதலில் அடித்தது சில சமயம் சட்டென்று அறுந்துபோகும். கூடவே தருகிற குட்டிப் பெடல் பல மாடல்களில் வெறும் ஸ்விட்ச்தான், அரை மிதி மிதித்தால் அதற்குப் புரியாது. வேறு பெடல் தனியாக வாங்க வேண்டியிருந்தது.

குறை இல்லாமல் இல்லை. தேர்வு அறையில் நிஜப் பியானோ முன்னால் உட்கார்ந்து முதல் கார்டு வைத்தபோது, அந்தச் சத்தத்துக்கே மகள் கையை இழுத்துக்கொண்டாளாம். வீட்டில் வால்யூம் குமிழைத் திருகிப் பழகியவள், விரலால் சத்தத்தை அடக்கிப் பழகவில்லை. இப்போது வாரம் ஒருமுறை டீச்சர் வீட்டு அப்ரைட்டில் வாசிக்கிறாள்.

* * *

சார், நீங்கள் பார்த்தது கவனிப்பாரற்றுக் கிடந்த பியானோ. அதை வைத்து சென்னைக்கே அக்கூஸ்டிக் ஆகாது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கீழ்ப்பாக்கத்தில் எங்கள் பாட்டி காலத்துப் பியானோ இன்னும் வாசிப்பில் இருக்கிறது. ரகசியம் எதுவும் இல்லை. பெடலுக்கு மேலே, உள்ளே 25 வாட் குண்டு பல்பு ஒன்று, எதிலும் படாமல் இரவு பகலாக எரியும். அந்த லேசான சூடு ஈரத்தை ஓட்டிவிடும். எல்ஈடி போட்டுப் பிரயோஜனம் இல்லை, சூடு வராது. குண்டு பல்பு தேடுவதுதான் இப்போது பெரிய வேலை! வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் சுவரே வேர்க்கும். அந்துருண்டை போடுகிறோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியில் ஒரு ட்யூனிங், கோடை கழிந்து இன்னொன்று.

கரன்ட் போனால் நாங்கள் மெழுகுவத்தி ஏற்றி வாசிப்போம். உங்கள் டிஜிட்டலை இன்வெர்ட்டரில் போட்டிருக்கிறீர்களா?

* * *

சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன். வீவக (அரசு வீடமைப்புக் கழக) அடுக்குமாடி வீடு, வாடகைக்கு. எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்வார்கள். 200 கிலோவுக்கு மேல் கனக்கிற அப்ரைட்டை நினைத்தே பார்க்கவில்லை. ராத்திரி பத்து, பத்தரைக்கு மேல் சத்தம் கூடாது என்பார்கள், எனக்கோ வேலை முடிந்து வர ஒன்பதாகிவிடும். ஹெட்போன்தான் கதி.

ஆனால் ஹெட்போன் போட்டால் யாருக்கும் கேட்காது என்று கடைக்காரர் சொன்னதை முழுசாக நம்பாதீர்கள். கட்டை அடியில் போய் மோதுகிற டொக் டொக் ஸ்டாண்டு வழியாகத் தரையில் இறங்குகிறது. கீழ்வீட்டு அம்மா வந்து, "ராத்திரியில் என்னப்பா இடிக்கிறாய்?" என்று கேட்டார். தடித்த ரப்பர் பாய் விரித்து, அவர்கள் படுக்கையறைக்கு மேலிருந்து கூடத்துக்கு மாற்றிய பிறகு புகார் இல்லை.

* * *

கீழ்ப்பாக்கம் மேடம், இன்வெர்ட்டரில்தான் ஓடுகிறது, மின்சாரம் ரொம்பக் குறைவாகவே எடுக்கும். பல்பு விஷயத்தை ட்யூனரிடம் கேட்டேன், சரிதான் என்றார். நானும் அக்கூஸ்டிக் ஆகாது என்று சொல்லவில்லை. வருஷத்துக்கு இரண்டு தரம் வந்து பார்க்கிற ட்யூனர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பதை விசாரித்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சைலன்ட் பியானோ பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அது நிஜ அப்ரைட்தான். நெம்புகோலைத் தள்ளினால் குறுக்கே ஒரு சட்டம் வந்து சுத்தியலைக் கம்பியில் படாமல் நிறுத்திவிடும், எந்தக் கட்டை எப்படி அழுந்தியது என்று சென்சார் பார்த்துச் சொல்ல, டிஜிட்டல் சத்தம் ஹெட்போனுக்குப் போகும். அடுக்குமாடிக்குப் பொருத்தம்தான். ஆனால் அதற்கும் பல்பு வேண்டும், ட்யூனர் வேண்டும், விலையும் சாதா அப்ரைட்டைவிடக் கூடுதல்.