பாசி எடுக்கும் பெண்களின் உடல்நல ஆய்வு: நிதியும் தரவும் யாரிடம் இருக்க வேண்டும்?

கேள்வி – சங்கக் கணக்கர், மண்டபம் பகுதி

வணக்கம். வத்தை என்னும் சிறு படகில் போய்க் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களின் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மணிக்கணக்காகத் தண்ணீரில் கிடப்பவர்களுக்குக் காதுவலி, கண்ணெரிச்சல், பாறை கீறிய புண், மாதவிடாய் நாள்களில் படும் அவதி என்று சொல்ல நிறைய இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக் குழு வந்து இரத்தம் எடுத்துச் சென்றது. எங்களுக்கு ஒரு தாள்கூடத் திரும்பி வரவில்லை. இப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணைந்து ஆய்வு செய்ய அழைக்கிறது. எதை ஆராய்வது என்பதை இம்முறை தாங்களே முடிவு செய்ய வேண்டும், கணக்கெடுப்பவர்கள் தங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்று பெண்கள் உறுதியாக நிற்கிறார்கள். நிதியைச் சங்கமே நேரடியாகப் பெற முடியுமா?

மறுமொழி – பொதுச் சுகாதார ஆய்வாளர், மதுரை

அம்மா, உங்கள் மக்களின் சினம் நியாயமானது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹவசுபாய் பழங்குடியினர் 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று கொடுத்த இரத்தம், அவர்களுக்குத் தெரியாமல் மனச்சிதைவு, முன்னோர் இடப்பெயர்வு போன்ற வேறு ஆய்வுகளுக்குப் பயன்படுத்தப்பட்டது. வழக்குத் தொடுத்த பிறகே, 2010இல், ஏழு இலட்சம் டாலரும் எஞ்சிய மாதிரிகளும் அவர்கள் கைக்கு வந்தன. அந்த நாட்டிலேயே பூர்வகுடியினர் உடல்நல ஆய்வு மையங்களுக்கான நிதித் திட்டம் ஒன்று உண்டு. அதில் விண்ணப்பிக்க உரியவர்கள் பழங்குடி அரசுகளும் அவற்றின் அமைப்புகளுமே. பல்கலைக்கழகம் அவர்களின் கூட்டாளியாகத்தான் வர முடியும். கனடாவின் முதற்குடியினர் தங்கள் தரவுகள் மீது உடைமை, கட்டுப்பாடு, அணுகும் உரிமை, கைவசம் ஆகிய நான்கையும் கோருகிறார்கள். நம் கரையின் மீனவர் சாதிகள் பழங்குடிப் பட்டியலில் இல்லை என்பதால் இந்த நான்கையும் கேட்கும் தகுதி உங்களுக்கு இல்லாமல் போய்விடாது.

மறுமொழி – தொண்டு நிறுவனக் கணக்காளர், இராமநாதபுரம்

நோக்கம் சரிதான், ஆனால் நம் சட்டம் குறுக்கே நிற்கிறது. வெளிநாட்டு நிதி பெற நடுவண் அரசிடம் பதிவோ, குறிப்பிட்ட நிதிக்கான முன்அனுமதியோ வேண்டும். பதிவுக்குச் சங்கம் மூன்றாண்டுகள் இயங்கியிருப்பதோடு, அக்காலத்தில் பதினைந்து இலட்ச ரூபாயாவது பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். முன்பெல்லாம் பதிவு பெற்ற பெரிய நிறுவனம் வாங்கிச் சிறிய சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020இல் வந்த திருத்தம் அந்த வழியை முற்றாக அடைத்துவிட்டது. இதனால் பாதிக்கப்பட்டவை உங்களைப் போன்ற சங்கங்களே என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். ஆகவே, இந்தியக் கூட்டாளி நிறுவனம் உங்கள் பெண்களையே ஊதியத்துக்கு நியமிக்கட்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், வெளிநாட்டுக் கூட்டாய்வுகளுக்குரிய நடுவண் சுகாதார அமைச்சகக் குழுவின் ஒப்புதலும் அந்நிறுவனத்தின் பொறுப்பாகட்டும். 2022 சனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, அங்கே முதலில் பேசிப் பாருங்கள்.

மறுமொழி – கிராமச் சுகாதாரச் செவிலியர், தங்கச்சிமடம்

ஒன்றை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவின் பகுதி, அங்கே பாசி எடுப்பதை வனத்துறை தடுக்கிறது. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்), எத்தனை மணிக்கு முங்கினாய் என்று உடல்நலப் படிவத்தில் எழுதி வாங்கும் விவரம் பிறகு யார் மேசைக்குப் போகும் என்ற அச்சம் இருக்கும்வரை எந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்லமாட்டாள். இடத்தின் பெயரைப் படிவத்திலிருந்தே எடுத்துவிடச் சொல்லுங்கள். பயிற்சியைப் பாசிக்குப் போகும் நாளில் வைக்கக் கூடாது, வைத்தால் அன்றைய வருமானத்தை ஈடுகட்ட வேண்டும். இரத்தசோகை என்று தெரிந்தால் அன்றே மருந்துக்கு வழிகாட்ட வேண்டும். முடிவை இதழுக்கு அனுப்பும் முன் ஊர்க்கூட்டத்தில் தமிழில் வாசிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இடத்தின் பெயர் பற்றிச் செவிலியர் அக்கா சொன்னதை நேற்றிரவு பெண்களிடம் படித்துக் காட்டினேன். முன்பு இரத்தம் எடுத்தபோதும் அதைக் கேட்டார்கள் என்று இருவர் நினைவுகூர்ந்தார்கள். ஆகவே அதையே முதல் நிபந்தனையாக வைக்கிறோம். ஊதியமும் ஊர்க்கூட்டமும் அடுத்து வரும். வரும் அமாவாசைப் பாடு முடிந்ததும் கூடிக் கடிதத்தை எழுதி, அனுப்பும் முன் இங்கே பதிவிடுகிறேன். கணக்காளர் ஐயா அதைச் சட்டக் கண்ணோடு ஒருமுறை பார்த்துத் தர வேண்டும்.