ஹாப்லோகாம்பா வாக்னெல்லி: குகை இனம்தானா, பூச்சிதானா?

நிலவறை

கனடாவின் வான்கூவர் தீவில், போர்ட் அல்பெர்னி ஊருக்கு அருகிலுள்ள குகைகளில் கிடைத்த ஓர் உயிரைப் பற்றிச் சிறு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர் ஹாப்லோகாம்பா வாக்னெல்லி. ஆறு காலும் இரண்டு வாலும் கொண்ட சிற்றுயிர்களின் டிப்ளூரா வரிசை, அதில் காம்போடெய்டே குடும்பம். ஸ்பெயின் ஆய்வாளர் அல்பெர்ட்டோ செந்திரா 2019இல் அதை விவரித்து, குகைகளில் இறங்கித் தேடிய கிரெய்க் வாக்னெலின் பெயரை அதற்குச் சூட்டினார். நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். முன்னால் மணி கோத்தது போன்ற இரண்டு உணர்கொம்புகள், பின்னால் ஏறக்குறைய அதே தோற்றத்தில் இரண்டு வாலிழைகள்.

என் கட்டுரையின் மூன்றாவது வரி இது: “கண் கிடையாது, நிறம் கிடையாது; தலைமுறை தலைமுறையாக இருட்டில் வாழ்ந்து இரண்டையும் இழந்துவிட்ட அசல் குகைப் பூச்சி.” பிழை இருந்தால் சொல்லுங்கள்.

இலைமக்கு

பிழை அந்த வரியிலேயே இருக்கிறது, நண்பரே. டிப்ளூராவில் இதுவரை ஆயிரம் அளவுக்கு இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. உயிரோடிருக்கும் எந்த இனத்துக்கும் கண் கிடையாது. தோட்டத்து இலைமக்கில், கல்லுக்கு அடியில் வாழ்பவையும் குருடுதான், வெளுப்புதான். குகைக்குள் போவதற்கு வெகு காலம் முன்பே மண்ணுக்குள் கண்ணைத் தொலைத்துவிட்ட கூட்டம் அது. குகை மீனுக்கும் குகை இறாலுக்கும் பொருந்தும் கதையை இதற்கு அப்படியே ஒட்டக்கூடாது. மீனுக்குக் கண்ணுள்ள உறவினர் வெளியே ஆற்றில் இருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்து “இழந்தது” என்று சொல்லலாம். இங்கே ஒப்பிட யார் இருக்கிறார்கள்?

நிலவறை

ஒப்புக்கொள்கிறேன், கண்ணை விட்டுவிடுகிறேன். ஆனால் குகை இனம் என்பதை விட மாட்டேன். இது விவரிக்கப்பட்டிருப்பது குகைகளிலிருந்து மட்டும்தான். அமெரிக்கக் கண்டத்தில் இவ்வளவு வடக்கே தரைவாழ் குகை இனங்கள் அரிது என்பதால்தான் அதற்கு இத்தனை கவனம் கிடைத்தது. குகை உயிர்களைப் பிரிக்க ஆய்வாளர் ரக்கோவித்சா 1907இல் செப்பனிட்ட பழைய பகுப்பின்படி பார்த்தாலும், நிலத்தடியில் மட்டுமே வாழ்வது முழுக் குகைவாழி.

இலைமக்கு

குகையில் மட்டும் கிடைத்தது என்றால், குகையில் தேடினார்கள் என்றும் பொருள். சரிவுகளில் குவிந்த கற்களுக்கு இடையே, மண்ணுக்குக் கீழே பாறை வெடிப்புகளில், மனிதன் நுழைய முடியாத இருட்டு எவ்வளவோ இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் உயிருக்குக் குகை என்பது அந்த வெடிப்புகளில் கொஞ்சம் அகலமான ஒன்று, அவ்வளவுதான்.

டிப்ளூராவில் குகை வாழ்வின் தடயம் வேண்டுமென்றால் அளவுகோலை எடுக்க வேண்டும். உணர்கொம்பில் எத்தனை மணிகள்? மண்ணில் வாழும் காம்போடெய்டேயில் பொதுவாக இருபது, முப்பது இருக்கும். தெற்கு ஐரோப்பியக் குகைகளில் வாழும் பிளூசியோகாம்பா இனங்கள் சிலவற்றில் ஐம்பதைத் தாண்டும். கால்களும் வாலிழைகளும் நீள்கின்றன, உடல் ஒல்லியாகிறது. உணர்கொம்பின் கடைசி மணியில் கிண்ணம் போன்ற குழி ஒன்று உண்டு. அதற்குள் மணம் அறியும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. குகை இனங்களில் அவை எண்ணிக்கையிலும் பெருகுகின்றன, வடிவிலும் சிக்கலாகின்றன. இருட்டு செதுக்கியது கண்ணை அல்ல, மூக்கை.

இந்த அளவுகோலில் வாக்னெல்லி எங்கே நிற்கிறது? கொம்பும் காலும் ஓரளவுக்கே நீண்டிருக்கின்றன. உடலும் அப்படி ஒன்றும் ஒல்லி இல்லை. விவரித்தவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். “அசல்” என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தீர்கள்?

கண்ணாடிவில்லை

மணிகளை எண்ணுவது பற்றி ஓர் எச்சரிக்கை. இவை வளர்ந்த பிறகும் ஆயுள் முழுக்கத் தோலுரிக்கும். கொம்போ வாலோ முறிந்தால் அடுத்தடுத்த தோலுரிப்பில் மீண்டும் வளரும், ஆனால் மணிகள் குறைவாக வளரக்கூடும். ஒரு பக்கம் 28, மறுபக்கம் 19 என்று ஒரே உடலில் நானே எண்ணியிருக்கிறேன். முழுமையான கொம்பு என்று உறுதி செய்யாத எண்ணிக்கையை அட்டவணையில் ஏற்றக்கூடாது.

ஆனால் எனக்கு உறுத்துவது அந்த வரியின் கடைசிச் சொல்தான். பூச்சி என்று எழுதாதீர்கள். டிப்ளூரா பூச்சி அல்ல.

பழைய விலங்கியல் ஆசிரியை

முப்பது ஆண்டுகள் வகுப்பில் “இறகில்லாப் பூச்சிகள்” என்ற தலைப்பின் கீழ்தான் டிப்ளூராவில் ஒன்றான காம்போடியாவையும் ராமபாணத்தையும் சேர்த்து நடத்தினேன். ஆறு கால், தலை, மார்பு, வயிறு எல்லாம் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் பிரவுவர் போன்ற பெரிய ஆய்வாளர்கள் பூச்சிகளின் மூதாதை காம்போடியா போலத்தான் இருந்திருக்கும் என்று எண்ணினார்கள். வண்டுப்புழுக்களில் ஒரு வடிவத்துக்கு இன்றும் காம்போடியா வடிவம் என்றே பெயர். இதைப் பூச்சிகளிலிருந்து வெளியேற்ற அப்படி என்ன அவசரம், தம்பி?

கண்ணாடிவில்லை

அவசரம் இல்லை, அம்மா. வாயைப் பார்த்தால் போதும். ராமபாணத்தின் தாடைகள் வெளியே தெரியும். டிப்ளூராவில் தலையின் பக்க மடிப்புகள் கீழுதட்டோடு இணைந்து ஒரு பையாகிவிடுகின்றன. தாடைகள் அந்தப் பைக்குள் கிடக்கின்றன, உண்ணும்போது நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். கொலம்போலா, புரோட்டூரா என்ற மற்ற இரண்டு சிறு அறுகாலிக் கூட்டங்களும் அப்படித்தான். அதனால்தான் இம்மூன்றையும் உள்தாடையிகள் என்று பிரித்தார்கள்.

இன்னொன்றை நீங்களே கண்ணால் பார்க்கலாம். ஈரச் சுண்ணப்படுகை போட்ட கிண்ணத்தில் ஒரு காம்போடியாவையும், பக்கத்துக் கிண்ணத்தில் ஒரு ராமபாணத்தையும் விட்டு, உருப்பெருக்கியின் கீழ் கொம்புகளை மட்டும் கவனியுங்கள். ராமபாணத்தின் கொம்பு அடியிலிருந்து சாட்டை போல அசையும். அடிக்கண்டத்தில்தான் தசை, மேலே உள்ள சரத்துக்குச் சொந்தத் தசை கிடையாது. காம்போடியாவின் கொம்பு நடுவில் வளையும், நுனிக்குக் கிட்டே திரும்பவும் வளையும். மணிக்கு மணி தசை. தூரிகை முனையால் தொட்டேன். வாலிழை ஒன்று அப்படியே கழன்று விழுந்தது, அது ஓடிவிட்டது. கொம்புகள் மட்டும் ஓடும்போதும் நிலத்தைத் தடவிக்கொண்டே போயின. அதன் பிறகு இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய விலங்கியல் ஆசிரியை

நன்றாகச் சொன்னாய், அந்தக் காட்சியை நான் வகுப்பில் காட்டியதில்லை என்பது எனக்குக் குறைதான். ஆனால் உள்தாடையிகள் ஒரே இனவழி, அதாவது ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்பதும் முடிந்த வழக்கு இல்லையே. புரோட்டூராவுக்கு உணர்கொம்பே கிடையாது. கொலம்போலாவின் வயிற்றில் ஆறே கண்டங்கள். டிப்ளூராவில் பத்து, பின்னால் வாலிழைகள். 2014இல் சயன்ஸ் இதழில் வந்த பெரிய மரபணு ஆய்வு 1,478 மரபணுக்களை வைத்துப் பார்த்து, பூச்சிகளுக்கு மிக நெருங்கிய உறவு டிப்ளூராதான் என்றது. அது சரியென்றால் தாடைப் பை இரு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும், அல்லது மூதாதைக்கு இருந்து பூச்சிகளில் மறைந்திருக்க வேண்டும். அப்படியிருக்க, பையை மட்டும் காட்டி வேலி போடுவது எப்படிச் சரியாகும்?

கண்ணாடிவில்லை

நெருங்கிய உறவு என்பதை ஏற்கிறேன். அண்டை வீட்டுக்காரர் நெருக்கமானவர்தான், ஆனால் அதே வீட்டுக்காரர் அல்லர். அந்த ஆய்விலும் டிப்ளூரா பூச்சிகளுக்கு வெளியேதான் நிற்கிறது. அறுகாலிகள் என்ற பெரிய வட்டத்துக்குள் இரண்டும் இருக்கின்றன. அந்தச் சொல் நமக்குப் போதும்.

டிப்ளூராவே ஒரே இனவழியா என்ற கேள்வியும் பழையதுதான். காம்போடெய்டேயின் வால் நீண்ட சரம். ஜாபிஜிடே குடும்பத்தில் அதே உறுப்பு இரையைப் பிடிக்கும் இடுக்கி. அந்தக் குடும்பத்து ஜாபிக்ஸின் சூலகத்தில் கண்டத்துக்குக் கண்டம் ஏழு இணைச் சூற்குழல்கள். காம்போடியாவில் ஒரே இணை, முட்டை உருவாகும் விதமும் வேறு. இதை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்றவர்கள் உண்டு. மரபணுக்கள் இதுவரை சேர்த்தே வைக்கின்றன.

நிலவறை

ஆனால் தமிழில் பூச்சி என்பது அந்த லத்தீன் வகுப்பின் பெயரா? சிலந்தியை எட்டுக்கால் பூச்சி என்கிறோம். குழந்தைக்கு வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுக்கிறோம், அது புழு. நம் சொல் அகலமானது. அதைச் சுருக்கிவிட்டு என்னைத் திருத்துவது நியாயமில்லை.

கண்ணாடிவில்லை

பேச்சில் நியாயம். வகைப்பாட்டைப் பற்றியே பேசும் கட்டுரையில், வரிசை, குடும்பம் என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லைத் தளர்வாக விட முடியாது. படிக்கும் மாணவன் அதைத் தேர்வில் எழுதுவான்.

இலைமக்கு

பூச்சிப் பிரச்சினையை நீங்கள் பாருங்கள், நான் பனிக்கு வருகிறேன். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் வான்கூவர் தீவின் பெரும்பகுதி பனிப்பாளத்தின் கீழ் கிடந்தது. வாக்னெல்லி அங்கேயே, பனிக்குக் கீழே குகையில் தங்கிப் பிழைத்தது என்பீர்களா?

நிலவறை

ஏன் கூடாது? ஆல்பர்ட்டாவின் கேசில்கார்டு குகை பனிப்புலத்தின் அடியில்தான் ஓடுகிறது. அங்கே ஸ்டைகோபுரோமஸ் கனடென்சிஸ் என்ற குருட்டு நீர்வாழி வாழ்கிறது. பனியுகத்தை அங்கேயே கடந்தது என்று கருதுகிறார்கள்.

இலைமக்கு

அது நிலத்தடி நீரில் வாழ்வது. நீர் உறையாதவரை அதற்கு வீடு உண்டு. டிப்ளூராவுக்குக் காற்றும் வேண்டும், மேலிருந்து கசிந்து வரும் மக்கு உணவும் வேண்டும். மேலே காடே இல்லாத பனிப்பாளம் என்றால் எது கசியும்? பனி படாத கரையோரத் துண்டுகளில் பிழைத்து, பனி பின்வாங்கியதும் அதைத் தொடர்ந்து வந்திருக்கும் என்பதே எனக்கு நம்பத்தகுந்தது. இதன் கால்கள் அதற்குச் சாட்சி. மிக நீண்ட, மெலிந்த உடல் இருந்தால் குகையை விட்டு வெளியே வந்து மண்ணில் நடந்திருக்கவே முடியாது. நடுத்தர உடல் என்பதால்தான் வர முடிந்தது. உறவுகளையும் பாருங்கள்: ஜப்பான், கொரியா பக்கத்து பசிபிகாம்பா என்ற டிப்ளூரா இதற்கு மிக நெருக்கம். ஆசியாவையும் அமெரிக்காவையும் அன்று இணைத்த பெரிங் நிலப்பாலத்தைக் கடந்த பரம்பரை ஒரு குகைக்குள்ளேயே ஒடுங்கியிருந்ததாக இருக்க முடியாது.

நிலவறை

கால்களைப் பற்றிய இந்த வாதத்தை நான் யோசித்திருக்கவில்லை. நெடுந்தொலைவு வந்ததற்கான தடயமும், குகைக்குப் புதியது என்பதற்கான தடயமும் ஒரே உடலில் இருக்கின்றன என்று எழுதலாமா?

இலைமக்கு

எழுதுங்கள். ஆனால் “குகைக்குப் புதியது” என்பது அனுமானம் என்று தெரியும்படி எழுதுங்கள். போர்ட் அல்பெர்னி சரிவுகளில் கற்குவியலுக்குள் குழாய்ப் பொறி இறக்கித் தேடிப் பார்க்காமல் குகைவாழி என்ற முத்திரையை நான் ஏற்க மாட்டேன்.

நிலவறை

முத்திரை விஷயத்தில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. விவரித்தவர்கள் தந்த தகுதியை நான் வைத்துக்கொள்கிறேன். மூன்றாவது வரி இப்போது இப்படி: “டிப்ளூரா எல்லாவற்றையும் போல இதற்கும் கண் கிடையாது. குகைகளில் கண்டெடுக்கப்பட்ட இந்த அறுகாலியின் கொம்புகளும் கால்களும் மண்ணில் வாழும் உறவினரைவிடச் சற்றே நீண்டவை.”

பழைய விலங்கியல் ஆசிரியை

“சற்றே” இருக்கட்டும், எடுத்துவிடாதே. தாடைப் பையைப் பற்றியும் ஒரு வரி சேர். படம் வரைவதாக இருந்தால் தலையைக் கீழ்ப்பக்கத்திலிருந்து வரை. மேலிருந்து வரைந்தால் அந்தப் பை தெரியாது.