முகத்தில் ஷாக் அடிக்கிற வலி: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

லோதி காலனி
வீட்டுப் பெரியவருக்கு வயது 68. வலது கன்னத்தில் டிரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முகத்து உணர்ச்சி நரம்புல ஷாக் அடிக்கிற மாதிரி வலி. எம்.வி.டி. ஆபரேஷனுக்கு (நரம்பை இடிக்கிற ரத்தக்குழாயை விலக்கறது) ஜனவரி கடைசியில் தேதி கொடுத்திருக்காங்க. அதுவரைக்கும் இந்த டில்லிக் குளிரை எப்படி ஓட்டறது, வீட்டுக்கு வந்தப்புறம் எதையெல்லாம் கவனிக்கணும்? ஆறுதல் வேண்டாம், விவரமா எழுதுங்க.

ஆர்.கே.புரம் சிஸ்டர்
முதலில் மாத்திரை. பாரசிட்டமால், புரூஃபன் எல்லாம் இந்த வலியைத் தொடவே தொடாது. புரூஃபனால் வயிறு புண்ணாவதுதான் மிச்சம். கார்பமாஸெபின்தான் முதல் மருந்து. வழக்கமாக 100 மி.கி. காலை, இரவு என்று ஆரம்பித்து, சில நாளுக்கொரு தடவை 100 அல்லது 200 ஏற்றுவார்கள். பெரும்பாலும் நாளைக்கு 400 முதல் 800க்குள் வலி அடங்கிவிடும். உச்சவரம்பு 1200.

பலரும் குழம்புவது மூன்றாவது, நான்காவது வாரத்தில். ஆரம்பத்தில் நன்றாகக் கேட்ட அதே டோஸ் பத்தாமல் போகும். நோய் முற்றிவிட்டது என்று வீடே கலங்கிப்போகும். நோய் முற்றவில்லை. இந்த மருந்து ஈரலைத் தூண்டிவிட்டுத் தன்னையே சீக்கிரம் கரைக்க வைக்கும். மூன்று முதல் ஐந்து வாரத்தில் அது ஒரு நிலைக்கு வந்துவிடும். டாக்டரிடம் சொன்னால் டோஸைச் சரிசெய்வார். நீங்களாக ஒன்று கூட்டிப் போடாதீர்கள். தலை சுற்றும், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், பாத்ரூமில் விழுந்தால் இந்த வயதில் இடுப்பெலும்பு போச்சு.

முதல் இரண்டு மூன்று மாதத்தில் உடம்பில் தடிப்பு, கூடவே காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேரே எமர்ஜென்சிக்குப் போகணும். அந்த அலர்ஜி யாருக்கு வரக்கூடும் என்று முன்கூட்டியே பார்க்க எச்.எல்.ஏ. பி 1502 என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கரோல் பாக் மருந்துக்கடை
சிஸ்டர் சொன்னதோட மூணு விஷயம் சேர்த்துக்கறேன்.

சி.ஆர். மாத்திரைன்னா மெதுவா கரையறதுக்காகச் செஞ்சது. வாயைத் திறக்க முடியலைன்னு பொடிச்சுக் கரைச்சுக் கொடுத்தா மொத்த மருந்தும் ஒரே வீச்சுல இறங்கிடும். விழுங்க முடியாதவங்களுக்கு இதே மருந்து சிரப்பாவும் வருது, டாக்டர்கிட்ட கேட்டு மாத்திக்குங்க. கம்பெனியையும் அடிக்கடி மாத்தாதீங்க. அளவு ஒண்ணுதான்னாலும் ரத்தத்துல ஏறுறது கொஞ்சம் வித்தியாசப்படும், வலி எட்டிப் பார்க்கும்.

ரெண்டாவது, குளிர்காலத்துல தொண்டை கட்டினா பக்கத்து கிளினிக்ல கிளாரித்ரோமைசின் எழுதிடுவாங்க. அது கார்பமாஸெபினைக் கரைய விடாது. ரெண்டு மூணு நாள்ல ஆள் குடிச்சவர் மாதிரி தள்ளாடுவார். எந்த டாக்டர்கிட்ட போனாலும் பழைய சீட்டு கையில இருக்கட்டும்.

மூணாவது சோடியம். 135 முதல் 145 வரை இருக்கணும். கார்பமாஸெபின் இதை இறக்கும், அதே வகை மருந்தான ஆக்ஸ்கார்பஸெபின் இன்னும் அதிகமா இறக்கும். பி.பி.க்கு ஹைட்ரோகுளோரோதையசைடோ குளோர்தாலிடோனோ சேர்ந்த மாத்திரை ஓடுதான்னு அட்டையைத் திருப்பிப் பாருங்க. ரெண்டும் சேர்ந்தா வயசானவங்களுக்கு சோடியம் சரசரன்னு விழும். தூங்கிக்கிட்டே இருக்கார், பேச்சு குழறுதுன்னா வயசு ஆயிடுச்சுன்னு விட்டுடாதீங்க, அன்னைக்கே ரத்தம் பாருங்க.

மயூர் விகார் மாமி
சாப்பாடு நான் சொல்றேன். மெல்லறதும் சூடும் ஜில்லிப்பும்தான் வலியைக் கிளப்பும். சாதத்தைக் குழைய வடிச்சு, ரசத்தை வெதுவெதுன்னு விட்டுப் பிசைஞ்சு, சின்ன ஸ்பூன்ல வலியில்லாத பக்கமா கொடுங்கோ. இட்லியை சாம்பார்ல அரைமணி ஊறவெச்சா மெல்லவே வேண்டாம். சப்பாத்தி இந்த ரெண்டு மாசம் வேண்டாமே. சிலருக்கு ஸ்ட்ரா சௌகரியம், சிலருக்கு உறிஞ்சறதே வலி. ஒரு வாய் பார்த்துட்டு முடிவு பண்ணுங்கோ. பல் தேய்க்கக் குழந்தைகள் பிரஷ், வெந்நீர் கலந்த தண்ணி. அதுவும் முடியாத நாள்ல உப்புத் தண்ணி கொப்பளிச்சாப் போதும்.

இன்சுலின் போடறவரா? அப்படீன்னா ரொம்ப ஜாக்கிரதை. ஊசியைப் போட்டுட்டு வலியால சாப்பிடாம விட்டா சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துடும். சாப்பாட்டுத் தட்டு எதிர்ல வந்து, ரெண்டு வாய் உள்ளே போனப்புறம் ஊசி போடலாமான்னு டாக்டரைக் கேட்டு வெச்சுக்கோங்கோ.

வெளியே போனா கம்பளி மஃப்ளர் நேரா கன்னத்துல பட வேண்டாம். அந்த முடி குத்தினாலே ஷாக் அடிக்கும். பழைய மல்லு வேட்டித் துணியை உள்ளே வெச்சு மேல மஃப்ளர். ஈ-ரிக்ஷா கூடவே கூடாது, ரெண்டு பக்கமும் காத்து. மெட்ரோல ஏ.சி. காத்து விழற இடத்துக்கு நேரா நிக்காம இருந்தாச் சரி.

ஆர்.கே.புரம் சிஸ்டர்
மாமி சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும்: வலி பல்லில்தான் என்று நினைத்து ஆபரேஷனுக்கு முன்னால் பல்லைப் பிடுங்கப் போகாதீர்கள். சொத்தைப் பல் ராத்திரி முழுக்க விண்விண்ணென்று தெறிக்கும். இது சில நொடி மின்சாரம், நின்றுவிடும், தொட்டால் திரும்ப அடிக்கும்.

இனி ஆபரேஷன். காதுக்குப் பின்னால் கீறி, எலும்பில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய திறப்பு. மூளைத்தண்டிலிருந்து நரம்பு கிளம்புகிற இடத்தில் அதன்மேல் ஒரு ரத்தக்குழாய் இடித்துக்கொண்டிருக்கும், பெரும்பாலும் மேல் சிறுமூளைத் தமனி. மைக்ராஸ்கோப்பில் பார்த்து அதை விலக்கி, நடுவில் டெஃப்லான் பஞ்சு வைப்பார்கள். நரம்பை வெட்டுவதில்லை, அதனால் முகம் மரத்துப்போவது குறைவு. முன்னாலேயே இரண்டு சோதனை கையில் இருக்கணும்: நரம்பையும் குழாயையும் மெல்லிய வெட்டாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. (சிஸ் அல்லது ஃபியெஸ்டா என்று எழுதியிருக்கும்), அந்தப் பக்கக் காதுக்கு ஆடியோகிராம் என்கிற கேட்கும் திறன் சோதனை. கேட்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் காது மந்தமாகிற ஆபத்து சிறிது உண்டு. ஆடியோகிராம் இல்லாவிட்டால் பிறகு எதை வைத்து ஒப்பிடுவது?

சிக்கல் இல்லாவிட்டால் சில நாளில் வீடு. தலைவலி, குமட்டல், திரும்பினால் சுற்றல் இருக்கும், மெல்லக் குறையும். உண்மையில் பயப்பட வேண்டியது மூளையைச் சுற்றியிருக்கிற தண்ணீர் கசிவது. குனியும்போது மூக்கிலிருந்து தெளிவாகச் சொட்டும், தொண்டையில் உப்புக் கரிக்கும், இல்லையென்றால் தையல் மேல் கட்டு நனையும். சளி என்று விட்டால் மூளைக்காய்ச்சல் வரலாம். இந்தக் கசிவு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, முகம் ஒரு பக்கம் கோணுவது: இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. ஆறு வாரம் மூக்கை அழுத்திச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மணும், மலம் கழிக்க முக்கவும் கூடாது. வலி மாத்திரை மலச்சிக்கல் தரும், ஆகவே இளக்கி மருந்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். தண்ணீர் வாளி தூக்குவதும் வேண்டாம்.

துவாரகா
ஆபரேஷன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. நரம்பின்மேல் கதிர்வீச்சைக் குவிக்கிற காமா நைஃப் எய்ம்ஸில் இருக்கிறது. கத்தி இல்லை, ஆனால் பலன் தெரிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அதுவரை மாத்திரை நிற்காது. கன்னம் வழியாக ஊசி விட்டுச் செய்கிற பலூன், ரேடியோ அலை சிகிச்சைகள் உடனே கேட்கும், பதிலுக்கு முகம் மரக்கும். கண்ணும் சேர்ந்து மரத்தால் தூசி விழுந்தது தெரியாது, கருவிழி புண்ணாகும். டில்லித் தூசிக்கு வெளியே போனால் மூக்குக்கண்ணாடி, டாக்டர் சொன்ன சொட்டு மருந்து, தினம் கண்ணாடியில் சிவப்பு இருக்கிறதா என்று ஒரு பார்வை. காபிச் சூட்டை மரக்காத பக்க உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் குடிக்கணும்.

லோதி காலனி
எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் சிஸ்டர், ஆபரேஷன் முடிஞ்சு வலி போயிட்டா மாத்திரையை உடனே நிறுத்திடலாமா?

ஆர்.கே.புரம் சிஸ்டர்
கூடாதும்மா. பலருக்கு மயக்கம் தெளியும்போதே வலி இருக்காது, அந்தச் சந்தோஷத்தில்தான் டப்பாவைத் தூக்கிப் போடுவார்கள். சர்ஜன் கொடுக்கிற அட்டவணைப்படி வாரத்துக்கு 100, 200 என்று இறக்கணும். இறக்கும்போது வலி எட்டிப் பார்த்தால் அதற்கு முந்தைய டோஸுக்குத் திரும்பி, அவருக்கு ஃபோன் பண்ணுங்க. பத்து வருஷம் கழித்தும் சுமார் 70 சதவீதம் பேர் வலியில்லாமல் இருப்பதாகப் பெரிய ஆய்வு சொல்கிறது. மீதிப் பேருக்குத் திரும்பலாம், அதனால் எம்.ஆர்.ஐ. சி.டி.யையும் ஆபரேஷன் குறிப்பையும் பத்திரமா வெச்சுக்குங்க.