புதுப்பிப்பு: டர்பன் பக்கம் போலோ பார்க்கப் போகிறவர்களுக்கு

முந்தைய குறிப்பில் வண்டி நிறுத்துவது, பாய், நாற்காலி பற்றி எழுதியிருந்தேன். எங்கே உட்காருவது, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டவர்களுக்காக இது.

டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்க மாகாணமான குவாசூலு-நட்டாலில், குதிரைமேல் இருந்து பந்தை அடித்து ஆடும் போலோ குளிர்கால ஆட்டம். பிற்பகல் வெயில் வடமேற்கிலிருந்து சாய்வாக விழும்; வடக்கு அல்லது மேற்கு ஓரத்தில் இடம் பிடித்தால் வெயில் முதுகுக்குப் போய்விடும். கோல் கம்பங்களுக்குப் பின்னால் மட்டும் வேண்டவே வேண்டாம். பந்து அங்கேதான் பறந்து வரும், பாய்ச்சலில் வரும் குதிரையும் சட்டென்று நிற்காது. பிள்ளைகளோடு போனால் மைதான ஓரமாக வைத்திருக்கும் பக்கவாட்டுப் பலகையிலிருந்தும் நன்றாகத் தள்ளியே பாயை விரியுங்கள்.

சக்கா என்கிற சுற்று ஒன்று 7 நிமிடம். நான்கு சக்கா ஆட்டம் இடைவேளையோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் அணிகள் பக்கம் மாறும். புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவது இதில்தான்.

இடைவேளையில் குளம்பு பெயர்த்த புல்கட்டிகளை மிதிக்கக் கூப்பிடுவார்கள். அவசியம் போங்கள். கட்டியைக் குழிக்குள் திருப்பி வைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு மிதிக்க வேண்டும். அரைகுறையாக விட்டால் அடுத்த சக்காவில் பந்து துள்ளும், குதிரைக்குக் கால் இடறும். தட்டையான செருப்பே சரி. குதி உயர்ந்தது மண்ணில் புதையும்.

டர்பன் உணவான பன்னி சாவை (bunny chow, குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றியது) வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுபோனால் ரொட்டி ஊறிப் பிய்ந்துவிடும். கறியைச் சூடு தாங்கும் பாத்திரத்தில் தனியாக எடுத்துப் போய், ரொட்டியை அங்கேயே வெட்டிக் குடைந்து ஊற்றுங்கள்.