ரமணிசந்திரனுக்கு அப்புறம் என்ன படிக்கலாம்?

வேளச்சேரி வாசகி:
கல்லூரி நாட்களில் ரமணிசந்திரன் நாவல்களை விடாமல் படித்தவள் நான், இப்போது எடுத்தால் ஹீரோ முதல் அத்தியாயத்தில் முறைக்கும்போதே முடிவு தெரிந்துவிடுகிறது. காதல் இருக்கட்டும், நாயகிக்கும் சொந்தமாக ஒரு வாழ்க்கை இருக்க வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

மயிலை மாமி:
லக்ஷ்மியைப் படிம்மா. டாக்டராக வேலை பார்த்தவர், தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தவர். ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு 1984-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. நடை கொஞ்சம் பழசுதான், ஆனால் அலுக்காது.

பெரம்பூர்க்காரன்:
ஆண்களும் பதில் சொல்லலாம்தானே? என் ஓட்டு சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’க்கு. ரொமான்ஸ் என்று நினைத்து எடுக்காதீர்கள். கட்டுப்பாடு மிகுந்த ஒரு முஸ்லிம் ஊரில் பெண்கள் ஆசை, கல்யாணம், உடம்பு பற்றியெல்லாம் தங்களுக்குள் பேசிக்கொள்வதை இவ்வளவு வெளிப்படையாக நான் வேறெங்கும் படித்ததில்லை. ஆரம்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்பும், விட்டுவிடாதீர்கள்.

வேளச்சேரி வாசகி:
அதையே முதலில் எடுக்கிறேன். வாங்கத்தான் வேண்டுமா?

மயிலை மாமி:
எதற்கு? எழும்பூர் கன்னிமாராவிலோ கோட்டூர்புரம் அண்ணா நூலகத்திலோ முதலில் தேடிப் பார். அங்கே இல்லையென்றால் ஜனவரி புத்தகக் காட்சியில் வாங்கிக்கொள், தள்ளுபடியும் உண்டு.