ஸ்பிரிங் இறக்கின ஸ்விஃப்ட்: முன் டயர் உள்பக்கம் மட்டும் தேயுது. குறைஞ்ச செலவுல காம்பர் (சக்கரத்தின் சாய்வு) எடுக்க வழி?

கொங்கு_ஹேட்ச்:

வணக்கம். வண்டி 2014 ஸ்விஃப்ட் டீசல், டயர் 185/65 ஆர்15. லோயரிங் ஸ்பிரிங் போட்டு நாலு பக்கமும் 40 மி.மீ. இறக்கியிருக்கு. ஷாக் கம்பெனியோடதே. முன் டயர் ரெண்டும் 9,000 கி.மீ.லயே உள்விளிம்புல மொட்டை. வெளிப்பக்கம் இன்னும் 5 மி.மீ. பட்டன் (டயர் மேல உள்ள கட்டை) இருக்கு.

அலைன்மென்ட் சீட்டுல இருக்கறது: முன் இடது காம்பர் மைனஸ் 2.1 டிகிரி (மைனஸ்னா சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாஞ்சிருக்கு), வலது மைனஸ் 1.6. டோ (மேலிருந்து பார்த்தா சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கற அளவு) ஒவ்வொரு பக்கமும் 0.30 டிகிரி வெளியே. பின்னாடி காம்பர் ரெண்டு பக்கமும் மைனஸ் 1.0. நேர் ரோட்டுல ஸ்டீயரிங்கை விட்டா லேசா வலது பக்கம் போகுது.

கடையில, "இந்த வண்டிக்கு காம்பர் அட்ஜஸ்ட்மென்டே கிடையாது, ஹைட்ராலிக் ஜாக்கி வெச்சு ஸ்ட்ரட்டை (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) நெம்பித்தான் எடுக்கணும்"னு சொல்றாங்க. காம்பர் பிளேட் (ஸ்ட்ரட் மேல் முனையை நகர்த்தி வெக்கற தகடு) வாங்கற அளவுக்குக் கையில காசு இல்லை. டயர் செலவு போக 5,000 ரூபாய்க்குள்ள முடியணும். வண்டியைத் திரும்ப உயர்த்தவும் விருப்பமில்லை. நெம்பலாமா? காம்பர் போல்ட் போதுமா? சிலர் ஸ்ட்ரட் ஓட்டையை அரம் போட்டு இழுக்கறாங்க, அது நிக்குமா?

நூல்மட்டம்:

முதல்ல, நெம்ப விடாதீங்க. ஸ்ட்ரட் குழாய்க்குள்ளதான் பிஸ்டன் ராடு ஏறி இறங்குது. குழாய் துளி கோணினாலும் ராடு ஒரு பக்கமா உரசி, கொஞ்ச நாள்ல ஆயில் சீல் கசிய ஆரம்பிக்கும். அதோட, எங்க வளையணும்னு ஜாக்கிக்குத் தெரியாது. பிராக்கெட் வெல்டிங் பக்கத்துலயோ நக்கிள்லயோ (சக்கரம் மாட்டியிருக்கற வார்ப்பு) எது மெலிசோ அது வளையும். சீட்டுல நம்பர் பச்சையா வந்துடும், பாகம் கெட்டுப்போயிருக்கும்.

ரெண்டாவது, உங்க டயரைத் தின்னது பெரும்பாலும் காம்பர் இல்லை, டோ. 0.30 டிகிரி திரும்பின சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 5 மீட்டர் பக்கவாட்டுல இழுபடுது. 9,000 கி.மீ.க்கு அதைப் பெருக்கிப் பாருங்க. காம்பர் அந்த இழுவையை உள்விளிம்புல கொண்டுபோய் வெச்சது, அவ்வளவுதான். கையால தடவினாலே தெரியும். பட்டன் மேல உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிருந்து உள்ளே ஒரு தடவை கையை ஓட்டுங்க. ஒரு திசையில வழவழப்பு, எதிர்த்திசையில வாள் பல் மாதிரி குத்தினா டோ. ரெண்டு திசையிலயும் ஒரே வழவழப்பா உள்பக்கம் சரிஞ்சிருந்தா காம்பர். மைனஸ் 1.5 காம்பரும் சரியான டோவும் உள்ள வண்டியில டயர் நல்லாவே உழைக்கும். டோ கெட்டா, காம்பர் பூஜ்யமா இருந்தாலும் டயர் போயிடும்.

மூணாவது, இடது வலது வித்தியாசம் 0.5 டிகிரி. வண்டி மைனஸ் குறைவான பக்கம்தான் இழுக்கும். உங்களுக்கு அது வலது, நீங்க சொல்றதோட பொருந்துது. அந்த அரை டிகிரி எங்கிருந்து வருதுன்னு தெரியாம போல்ட் வாங்காதீங்க. கடையில கேஸ்டர் ஸ்விங் (ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் திருப்பி அளக்கறது) பண்ணச் சொல்லி எஸ்ஏஐ (சக்கரம் திரும்பற அச்சோட சாய்வு) நம்பரையும் சீட்டுல எடுங்க. ஒவ்வொரு பக்கமும் எஸ்ஏஐயையும் காம்பரையும் கூட்டுங்க. உதாரணத்துக்கு இடது 13.6, வலது 13.1 வந்தா, மைனஸ் காம்பரைக் கழிச்ச பிறகு ரெண்டும் 11.5. கூட்டுத்தொகை சமம்னா ஸ்ட்ரட், நக்கிள் நேரா இருக்கு, லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ இருந்து பிடிக்கற கை) மாட்டியிருக்கற ஃப்ரேம்தான் இடது பக்கம் நகர்ந்திருக்கு. கூட்டுத்தொகை வேற வேறயா வந்தா ஒரு பக்கம் ஏதோ வளைஞ்சிருக்கு, அல்லது ஸ்ட்ரட் போல்ட் ஓட்டையில உள்ள இடைவெளியில நக்கிள் ஒரு பக்கமா ஒதுங்கி நிக்குது.

ஃப்ரேம்தான்னா செலவே இல்லை. ஃப்ரேம் போல்ட்களை முழுசா எடுக்காம தளர்த்தி, கம்பியால வலது பக்கம் 2.5 மி.மீ. தள்ளி இறுக்கினா இடது சுமார் 0.25 குறையும், வலது 0.25 கூடும். ரெண்டும் மைனஸ் 1.85ல வந்து நிக்கும். ஓட்டையில அவ்வளவு இடைவெளி இருந்தாத்தான் இது நடக்கும். அடியில ஜாக்கி தாங்கல் இல்லாம அந்த போல்ட்டைத் தொடாதீங்க.

லேத்துப்பட்டறை:

மேல சொன்னதுக்கு அப்புறம் செய்ய வேண்டியது இது.

ஸ்விஃப்ட் முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். நக்கிளை ஸ்ட்ரட்டோட ரெண்டு போல்ட் பிடிக்குது. அந்த ஓட்டைகள்லயே கொஞ்சம் விளையாட்டு விட்டிருப்பாங்க. ரெண்டு நட்டையும் தளர்த்தி, சக்கரத்தின் மேல்பக்கத்தை வெளியே இழுத்துப் பிடிச்சு இறுக்கினா 0.3 முதல் 0.5 டிகிரி வரைக்கும் சும்மாவே கிடைக்கலாம். காசு போடற முன்னாடி இதைப் பண்ணுங்க. நட்டைத்தான் சுத்தணும், போல்ட் தலையை இல்லை. சில வண்டிகள்ல போல்ட் கழுத்துல பல் இருக்கும், சுத்தினா ஓட்டை பெருசாயிடும்.

அது போதாதுன்னா காம்பர் போல்ட். மெலிசான தண்டுல ஒரு பக்கம் புடைப்பு வெச்ச போல்ட். மேல் ஓட்டையில போடுங்க. புடைப்பு சக்கரப் பக்கம் பார்த்தா நக்கிள் தலை வெளியே போகும், மைனஸ் குறையும். எஞ்சின் பக்கம் பார்த்தா மைனஸ் கூடும். உங்களுக்கு ஒரு பக்கம் 1 டிகிரிக்குள்ளதான் தேவை, ஒரு போல்ட் அதைக் குடுத்துடும். வாங்கும்போது வண்டி பேரைச் சொல்லி வாங்காதீங்க. பழைய போல்ட்டைக் கழட்டி, தண்டு விட்டத்தை வெர்னியர்ல அளந்து அந்த ஓட்டைக்கான சைஸைக் கேளுங்க. மேலயும் கீழயும் ரெண்டு ஓட்டையிலயும் மெலிசு போல்ட் வேண்டாம். கீழ் போல்ட் கம்பெனியோடதாவே இருக்கட்டும். டார்க் (எவ்வளவு இறுக்கணும்ங்கற) அளவு போல்ட்டோட வர்ற தாள்ல இருக்கும். தண்டு மெலிசுங்கறதால பழைய போல்ட்டோட டார்க் இதுக்கு ஆகாது, இழுபட்டு அறுந்துடும்.

வேலை வரிசையில ஒரே ஒரு எச்சரிக்கை: ரெண்டு போல்ட்டையும் ஒரே நேரத்துல எடுக்காதீங்க. எடுத்தா நக்கிள் வெளியே சாஞ்சு டிரைவ் ஷாஃப்டோட உள் ஜாயின்ட் கழண்டு வந்துடும். அப்புறம் கிரீஸ், பூட், கிளிப்னு அரை நாள் வேலை. மேல் போல்ட்டை எடுத்து புதுசைப் போட்ட பிறகுதான் கீழதைத் தளர்த்தணும். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் ஸ்ட்ரட்ல இருந்து முன்னாடியே அவிழ்த்துடுங்க.

அரம் போடறதைப் பத்தி. நிக்கும், ஆனா ஒழுங்கா போட்டாத்தான். ரெண்டு போல்ட்டுக்கும் நடுவுல உள்ள தூரம் சுமார் 60 மி.மீ.னு வெச்சுக்கங்க. அப்போ மேல் ஓட்டையை 1 மி.மீ. இழுத்தா கிட்டத்தட்ட 1 டிகிரி. இது தெரியாம 4, 5 மி.மீ. இழுத்துட்டு வந்து நிக்கறாங்க. உங்களுக்கு 1 மி.மீ. போதும், வட்ட அரத்துல பத்து நிமிஷ வேலை. சக்கரப் பக்கமா இழுக்கணும். பிராக்கெட்டோட ரெண்டு காதையும் ஒண்ணா, ஒரே அளவு தேய்க்கணும், இல்லைன்னா போல்ட் சாஞ்சு உக்காரும். தேய்ச்ச இடத்துல ரெட் ஆக்சைடு அடிச்சுடுங்க. பழைய போல்ட்டுக்குப் பதிலா 10.9 கிரேடு புது போல்ட், கடினமான தடி வாஷர். சாதாரண கடை வாஷர் நசுங்கி இறுக்கம் போயிடும். பள்ளத்துல விழுந்தா வழுக்கும்னு பயந்து வாஷரை வெல்டு வெக்கறவங்க இருக்காங்க. அது தப்பு. அந்தச் சூடு நேரா ஷாக் ஆயிலுக்கும் சீலுக்கும் போகும்.

என் கருத்து: காம்பர் போல்ட் கிடைக்கற வரைக்கும் அரத்தைத் தொட வேண்டாம். போல்ட்டைத் திரும்ப எடுத்துடலாம், தேய்ச்ச உலோகம் திரும்ப வராது.

கொங்கு_ஹேட்ச்:

ரொம்ப நன்றி அண்ணா. எஸ்ஏஐ எடுத்துட்டு எழுதறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். ஸ்ட்ரட் மேல் முனையை வெளியே நகர்த்தினா ஆகாதா? பழைய சிவிக்ல பின்னாடி வாஷர் வெச்சே காம்பர் எடுக்கறாங்களே, அதை ஸ்விஃப்ட் பின்பக்கம் செய்யலாமா?

லேத்துப்பட்டறை:

மேல் முனைன்னா கணக்கு வேற தம்பி. மேல் மவுன்ட்ல இருந்து பால் ஜாயின்ட் (லோயர் ஆர்ம் நுனியில உள்ள உருண்டை மூட்டு) வரைக்கும் 600 மி.மீ. அளவுக்கு நீளம். கீழ 1 மி.மீ. செய்யற வேலையை மேல 10 மி.மீ. நகர்த்தித்தான் செய்யணும். பாடி தகட்டை வெட்டாம அவ்வளவு இடம் வராது. வெட்டினா அது பட்ஜெட் வேலை இல்லை.

யாழ்_சில்லு:

ஈகே எண்ட பழைய மாடல் சிவிக்கின்ர பின்பக்கம் வேற மாதிரி. அதில மேல் ஆர்ம் ரெண்டு போல்ட்டால பொடியில (கார்க் கூட்டில) பூட்டியிருக்கு. ஆர்முக்கும் பொடிக்கும் நடுவில தடிப்பு (வாஷர், தகடு) வைச்சால் ஆர்ம் வெளியால வரும், சில்லின்ர மேல்பக்கமும் சேர்ந்து வெளியால வரும், மைனஸ் குறையும். கணக்கு சுகம். மேல் ஆர்ம் நுனிக்கும் கீழ் ஆர்ம் நுனிக்கும் இடையில உயரம் 220 மி.மீ. எண்டால் 4 மி.மீ. தடிப்புக்கு 1 டிகிரி. உயரத்தை உங்கட காரில அளந்து போடுங்கோ.

பிழை விடுற இடம் போல்ட்டுதான். 4 மி.மீ. தடிப்பு வைச்சால் போல்ட் 4 மி.மீ. குறைவாத்தான் உள்ளுக்குப் போகும். 10 எம்எம் போல்ட் எண்டால் குறைஞ்சது 10 மி.மீ. புரி ஏறி இருக்கோணும். அதால அதே அளவு நீளம் கூடின, அதே கிரேட் போல்ட் வாங்குங்கோ. மெல்லிய வாஷர் நாலைஞ்சை அடுக்கிறதை விட, ரெண்டு போல்ட்டுக்கும் சேர்த்து ஒரு இரும்புத் தகட்டை லேத்தில வெட்டி ஓட்டை போட்டால் இறுக்கம் நிக்கும், ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கும்.

ஸ்விஃப்டுக்குப் பின்னால அந்த ஆர்மே இல்லை, ரெண்டு சில்லையும் இணைக்கிற ஒரே பீம். அதில வாஷர் வேலைக்குப் போகாதேங்கோ.

நூல்மட்டம்:

யாழ் நண்பர் சொன்னது சரி. பீம் ஆக்சில் வண்டியை ரெண்டு பக்கமும் சமமா இறக்கினா பின் காம்பர் பெருசா மாறாது. மைனஸ் 1.0, ரெண்டு பக்கமும் சமம், அப்படியே விடுங்க. ஒரு பக்கம் மட்டும் ஒரு டிகிரி எகிறியிருந்தா அது இறக்கினதால வந்ததில்லை, பீமோ ஸ்டப் ஆக்சிலோ வளைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

ஒவ்வொரு தடவையும் கடைக்குக் காசு குடுக்காம இருக்க, காம்பரை வீட்டுலயே அளந்துக்கலாம். தரை மட்டம் முக்கியம். கொத்தனார் வெச்சிருக்கற மட்டக்குழாய்ல தண்ணி நிரப்பி நாலு சக்கரம் நிக்கற இடத்தையும் பாருங்க, தாழ்ந்த இடத்துல தகடு வெச்சு சமன் பண்ணுங்க. முன் சக்கரத்துக்கு அடியில ரெண்டு ரெண்டு தரை டைல்ஸ், வழவழப்பு பக்கம் ஒண்ணையொண்ணு பார்த்து, நடுவுல கிரீஸ். ஜாக்கியில இருந்து இறக்கின சக்கரம் உள்ளே இழுத்துப் பிடிச்சபடியே நிக்கும். டைல்ஸ் வழுக்கினாத்தான் தன் இடத்துக்கு வரும். டைல்ஸ் இல்லைன்னா வண்டியை ரெண்டு மூணு மீட்டர் முன்னும் பின்னும் தள்ளிட்டு அளங்க. இதைச் செய்யாம அளந்த எந்த நம்பரையும் நம்பாதீங்க.

ஸ்டீயரிங் நேரா. ஃபெண்டர்ல இருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, ரிம்மோட மேல் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி, கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி, ரெண்டையும் ஸ்கேல்ல எடுங்க. நூல் டயர்ல படக்கூடாது. 15 இன்ச் ரிம்முக்கு விளிம்புல இருந்து விளிம்பு சுமார் 400 மி.மீ., அதனால 7 மி.மீ. வித்தியாசம் 1 டிகிரி. மைனஸ் 2.1 இருக்கற உங்க இடது சக்கரத்துல இப்போ கிட்டத்தட்ட 15 மி.மீ. வரணும். வந்தா உங்க அளவு முறை சரி. பிறகு சக்கரத்தை அரைச் சுற்று உருட்டி இன்னொரு தடவை எடுத்து சராசரி போடுங்க, ரிம் கோணல் இருந்தா அதுல அடிபட்டுடும்.

எவ்வளவுல நிறுத்தறது? ரெண்டு பக்கமும் மைனஸ் 1.0 முதல் 1.2, பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் 0.3க்குள்ள. பூஜ்யம் வரைக்கும் கொண்டுபோக வேண்டாம். இவ்வளவு இறக்கின மெக்ஃபர்சன்ல லோயர் ஆர்ம் படுக்கைக்கு வந்துடும். அதுக்கப்புறம் வளைவுல வண்டி சாயும்போது மைனஸ் கூடாது, டயர் வெளித்தோள்ல ஏறி நிக்கும். கொஞ்சம் மைனஸ் முன்கூட்டியே இருக்கணும்.

காம்பர் முடிஞ்ச பிறகுதான் டோ. டை ராடு (ஸ்டீயரிங்ல இருந்து சக்கரத்தைத் திருப்பற கம்பி) அச்சுக்குப் பின்னால இருக்கற வண்டியில, சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே வந்தா டோ இன்னும் வெளியே ஓடும். அதாவது காம்பர் போல்ட் போட்டுட்டு டோ எடுக்காம ஓட்டினா இப்போ இருக்கறதை விட வேகமா டயர் போகும். கடைக்குப் போக ஒரே தடவைதான் காசுன்னா அதை இதுக்கு வெச்சுக்கங்க. மொத்த டோ பூஜ்யத்துல இருந்து 1 மி.மீ. உள்ளே வரைக்கும் கேளுங்க.

இன்னொண்ணு, பலர் விட்டுடறது: லோயர் ஆர்ம் புஷ் போல்ட். ஸ்பிரிங் மாத்தினப்போ இதைத் தளர்த்தலைன்னா ரப்பர் பழைய உயரத்துக்கே முறுக்கி நிக்குது, சீக்கிரம் கிழியும். வண்டி நாலு சக்கரத்துல நிக்கும்போது தளர்த்தி இறுக்குங்க. டோ எடுக்கறதுக்கு முன்னாடி.

லேத்துப்பட்டறை:

முடிச்சதும் ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, டயர் ஃபெண்டர் உதட்டுல படுதான்னு பாருங்க. 1 டிகிரிக்கு டயர் தலை 4, 5 மி.மீ. வெளியே வந்திருக்கும், இறக்கின வண்டியில அது பெருசு. ஆள் ஏத்தி, ஒரு வேகத்தடையில ஏத்தி இறக்கியும் பாருங்க.

நட்டு மேல இருந்து பிராக்கெட் வரைக்கும் பெயின்ட்ல ஒரு கோடு போட்டு விடுங்க. காம்பர் போல்ட் தலையிலயும் ஒரு கோடு. 100 கி.மீ.ல ஒரு தடவை, 500 கி.மீ.ல ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. கோடு உடைஞ்சிருந்தா நகர்ந்திருக்கு.

புது டயரை இப்போவே போடாதீங்க. உள்விளிம்புல நூல் தெரியலைன்னா பழைய டயரோடவே காம்பர், டோ எடுத்து, கோடு நகரலைன்னு உறுதியான பிறகு மாத்துங்க. நூல் தெரிஞ்சா அந்த டயர்ல கடைக்குக்கூட ஓட்டிட்டுப் போக வேண்டாம், ஸ்டெப்னியையோ கடன் டயரையோ மாட்டிட்டுப் போங்க.