மீட்டர் இருட்டு, பின்விளக்கு இல்லை: பழைய பிக்கப்பில் நீங்கள் பட்ட பாடு என்ன?

பெர்ஜுந்தைக்காரன்:

ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிப் பல வருடம் ஆகிறது. எங்கள் வாய்க்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். வாசலில் நிற்கும் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பும் அந்தப் பெயர்க் காலத்து வண்டி. 2.8 டீசல். அப்பா தோட்டத்து லோரி வேலையை விட்டபோது கையில் வந்த பணத்தில் வாங்கிப் போட்டது. இப்போது அதில்தான் செம்பனைக் குலை ஏற்றுகிறேன். நம்மாட்கள் நாலைந்து பேருக்கு இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று இருக்கிறது. வெட்டிப் போட்டதை எடைமேடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை.

ஒரு நாள் கடைசி நடை முடிய ஏழரை ஆகிவிட்டது. ஈஜோக் பக்கமிருந்து வருகிறேன். விளக்கைப் போட்டால் முன் பெரிய விளக்கு எரிகிறது, மீட்டர் மட்டும் கும்மிருட்டு. வேகம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, ஒன்றும் தெரியவில்லை. சரி, வீடு பக்கம்தானே என்று ஓட்டிக்கொண்டே வந்தேன். பின்னால் ஒரு லோரி விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. ஒட்டுக்கடை வாசலில் ஒதுங்கினேன். லோரிக்காரரும் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "அண்ணே, உங்க வண்டிக்குப் பின்னாடி ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. நீங்க பிரேக் அடிச்சப்பதான் முன்னால வண்டி இருக்கறதே தெரிஞ்சுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வயிற்றைக் கலக்கியது.

வீட்டுக்கு வந்து சுற்றிப் பார்த்தேன். பெரிய விளக்கு, பிரேக் விளக்கு, சிக்னல் மூன்றும் நன்றாக இருக்கின்றன. செத்துப்போனவை முன்பக்கச் சின்ன விளக்கு, பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, மீட்டர் வெளிச்சம். இந்த நாலும் ஒரே பியூஸில் ஓடுகின்றன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். டிரைவரின் வலது முழங்கால் பக்கம் இருக்கும் பியூஸ் பெட்டி மூடியில் 'டெயில்' என்று எழுதியிருக்கும். கழற்றிப் பார்த்தால் நடுக்கம்பி அறுந்து கிடந்தது. புதிது போட்டேன், எல்லாம் எரிந்தன. அடடா, இவ்வளவுதானா என்று போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் மண் சடக்கில் மறுபடியும் போனது. அதற்கடுத்த நாளும் போனது. பக்கத்து வீட்டு அண்ணன், "15 ஆம்ப் பியூஸ் தாங்கலைன்னா 30 போடுடா, பேசாம கிடக்கும்" என்றார். போட்டேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். தோட்டத்து மண் சடக்கில் பத்து நிமிடம் ஓடியதும் பிளாஸ்டிக் வேகும் நாற்றம் வந்தது. வண்டியை நிறுத்தி பியூஸைப் பிடுங்கி எறிந்தேன். டவுனில் ஒரு பட்டறையில் காட்டினால், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "லைட் சுவிட்ச் போயிடுச்சு, மாத்தணும்" என்று 180 வெள்ளி கேட்டார்கள். சுவிட்ச் போனால் விளக்கு எரியாமல் போகலாம், பியூஸ் ஏன் போக வேண்டும்? இந்தக் கேள்விக்கு அங்கே பதில் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

எங்கள் தாமானில் ஒரு மாமா இருக்கிறார். தோட்டத்தில் முப்பது வருடம் வயர்மேனாக இருந்தவர். வண்டியைத் தொடவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கடைசியா இந்த வண்டியில யாரு கை வெச்சா?"

யாரும் இல்லையே மாமா என்றேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் பின் பம்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, இரும்பில் புதிதாக ஒன்று வெல்டிங் செய்து போட்டிருந்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய் ஒரு சாமானை எடுத்து வந்தார். அதைப் பற்றித்தான் விவரமாக எழுத வேண்டும்.

பழைய சிக்னல் பல்பு, 21 வாட், ஹோல்டரோடு. அதிலிருந்து இரண்டு வயர். எரிந்துபோன பியூஸ் ஒன்றின் பிளாஸ்டிக்கை உடைத்து, அதன் இரண்டு கால்களிலும் வயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார். பியூஸ் இருக்க வேண்டிய குழியில் இதைச் செருகிவிடுவது. எங்கேயாவது ஷார்ட் இருந்தால், அதாவது வயரின் செம்பு வண்டி இரும்பைத் தொட்டால், கரண்டு முழுவதும் இந்தப் பல்பு வழியாகத்தான் போயாக வேண்டும். பல்பு பளிச்சென்று எரியும். என்ன ஷார்ட் ஆனாலும் அந்தப் பல்பு இரண்டு ஆம்ப்புக்கு மேல் விடாது, அதனால் வயர் சுடாது, பியூஸும் வீணாகாது. நான் அதுவரை ஒரு பாக்கெட் பியூஸ் தின்றிருந்தேன்.

முன்பக்கச் சின்ன விளக்கு, பின்விளக்கு, பிளேட் விளக்கு எல்லாப் பல்பையும் கழற்றச் சொன்னார். சுவிட்சை ஒரு சொடுக்கு திருப்பினேன். மீட்டர் பல்புகள் மட்டும் மிச்சம் இருந்ததால் டெஸ்ட் பல்பு மங்கலாக, சிவந்த கம்பி மாதிரி தெரிந்தது. "இப்ப ஷார்ட் இல்ல. உன் பையன கூப்பிட்டு பம்பர் மேல ஏறிக் குதிக்கச் சொல்லு" என்றார். பையனுக்குக் கசக்குமா? முதல் குதியில் ஒன்றுமில்லை. இரண்டாவது குதியில் முழங்கால் பக்கத்தில் பளிச்! நின்றால் மங்கும், குதித்தால் பளிச்சிடும். மண் சடக்கில் மட்டும் பியூஸ் போன கதை அப்போதுதான் புரிந்தது.

டார்ச்சோடு அடியில் படுத்தேன். பம்பருக்குப் புதிதாக வைத்த ஆங்கிள் இரும்புக்கும் சேஸிஸுக்கும் நடுவில் பிளேட் விளக்கு வயர் நசுங்கிக் கிடந்தது. என் வண்டியில் அது பச்சை வயர். தோல் உரிந்த இடம் கொசு கடித்த அளவுதான். அதில் செம்பு மின்னியது, எதிரே இரும்பில் கறுப்பாக ஒரு சுட்ட புள்ளி. பேட்டரியின் நெகடிவைக் கழற்றிவிட்டு, நசுங்கிய துண்டை வெட்டிப் புது வயர் சேர்த்து, ஈயம் வைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போட்டு, மேலே நெளிகுழாய் மாட்டி, இரும்பைத் தொடாத பக்கமாகக் கட்டினேன். செலவு ஒரு சாப்பாட்டுக் காசுகூட இல்லை. மாமாவுக்கு இரண்டு தே தாரேக் வாங்கிக் கொடுத்தேன், அது தனிக் கணக்கு.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

உரமூட்டை, கோல கெட்டில்:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. பியூஸ் போகவே இல்லை. வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டது என்றுதான் வீட்டில் சொன்னார்கள்.

விளக்கு சுவிட்சைத் தொடாமல் பிரேக்கை மிதித்தால் மீட்டர் மெல்ல ஒளிரும், முன்னால் சின்ன விளக்கும் சேர்ந்து லேசாக எரியும். காலை எடுத்தால் அணையும். இடது சிக்னல் போட்டால் பின்விளக்கும் கூடவே கண் சிமிட்டும். இரண்டு பல்பு மாற்றினேன், சுவிட்சும் மாற்றினேன். பேய் அசையவில்லை.

காரணம் எர்த், அதாவது கரண்டு வண்டி இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. பின்பக்கப் பல்பில் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு கம்பி இருக்கிறது: பிரேக்குக்கு 21 வாட், பின்விளக்குக்கு 5 வாட். இரண்டுக்கும் திரும்பும் வழி ஒன்றுதான். அந்த எர்த் ஸ்குரு துருவேறிவிட்டால் பிரேக் கரண்டுக்குப் போக்கிடம் இருக்காது. 5 வாட் கம்பி வழியாகப் பின்னோக்கி ஏறி, பின்விளக்கு லைனைப் பிடித்து, மீட்டருக்கும் முன்விளக்குக்கும் போய் அங்கே எர்த்தைத் தேடிக்கொள்கிறது. தண்ணீர் அடைத்த வாய்க்கால் பக்கத்து வயலில் பாய்கிற மாதிரி.

என் வண்டியில் துரு ஏன் வந்தது என்றால், நான் தோட்டங்களுக்கு உரம் ஏற்றுகிறவன். பொட்டாஷ் மூட்டை கிழிந்து கொட்டும். அது உப்புதானே, மழையில் கரைந்து விளக்குக்குள் இறங்கி ஸ்குருவைத் தின்றுவிட்டது. கழற்றி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை மணல்தாள் போட்டு, திரும்ப முடுக்கிக் கிரீஸ் தடவினேன். இப்போது வாரத்துக்கு ஒரு தடவை பின்பக்கத்தைக் கழுவிவிடுகிறேன்.

சந்தேகம் இருந்தால் ஒரு நீள வயரை எடுத்து, பல்பு ஹோல்டரின் எர்த் பக்கத்தையும் பேட்டரி நெகடிவையும் நேராகச் சேர்த்துப் பாருங்கள். பேய் போனால் எர்த்தான்.

சுங்கை சிப்புட் அக்கா:

'கடைசியாக யார் கை வைத்தது' என்று அந்த மாமா கேட்டாரே, அதையேதான் நானும் கேட்டேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் என் தம்பி எங்கள் வண்டிக்குப் புது ரேடியோ மாட்டினான். மறுநாளே மீட்டர் இருட்டு, பின்விளக்கு இல்லை. சுவிட்சைத் திருப்பிய நொடியே பியூஸ் போகிறது, குலுக்கல் எதுவும் தேவையில்லை. "ரேடியோவைப் பாருங்க" என்றேன். "பாட்டுதான் நல்லா கேக்குதே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று இவர் இரண்டு நாள் வண்டிக்கு அடியிலேயே குடியிருந்தார்.

சம்பந்தம் இருக்கிறது. புது ரேடியோ வயர்க் கட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வரும். இரவில் ரேடியோ விளக்கைக் கட்டுப்படுத்த அதை மீட்டர் வெளிச்ச லைனில் சேர்ப்பார்கள். தம்பி அதைச் சேர்த்துவிட்டு, ஒட்டுப்போட்ட இடத்துக்கு டேப் சுற்ற மறந்துவிட்டான். ரேடியோவை உள்ளே தள்ளியபோது அது பின்னாலுள்ள இரும்புப் பட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் நாள் நானே நாலு ஸ்குருவைக் கழற்றி ரேடியோவை வெளியே இழுத்துக் காட்டினேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி பாத்திரம் கழுவினார்.

மண்டோர் பேரன்:

எனக்கு மீட்டர் மட்டும் இருட்டு, வெளியே எல்லாம் எரிந்தது. பல்பு எல்லாம் போய்விட்டது என்று டாஷ்போர்டைப் பிரித்து, ஒரு கிளிப்பை உடைத்து, அரை நாள் வீண். கடைசியில் பார்த்தால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குட்டிச் சக்கரத்தை என் நாலு வயது மகள் கீழே உருட்டிவிட்டிருக்கிறாள். பிரிக்கும் முன் அதை ஒரு தடவை உருட்டிப் பாருங்கள்.

பழைய வயர்மேன்:

30 ஆம்ப் போட்டதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தம்பி, பியூஸ் பல்பைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. கணக்குப் போட்டுப் பார். பின்னால் ஐந்து வாட் இரண்டு, முன்னால் இரண்டு, பிளேட்டுக்கு ஒன்றிரண்டு, மீட்டரில் சில குட்டிப் பல்பு. கூட்டினால் நாற்பது வாட் சுற்றி வரும். 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்ப்கூட இல்லை. அப்படியிருக்க 15 போகிறது என்றால் கரண்டு வேறெங்கோ ஓடுகிறது என்று அர்த்தம். 30 போட்டால் வயர்தான் பியூஸ் ஆகும். நாற்றம் வந்ததும் நிறுத்தினாயே, உன் நல்ல நேரம். பியூஸுக்குப் பதில் சிகரெட் டப்பாவின் ஈயத்தாளைச் சுற்றி வைத்த ஒரு வண்டியில் டாஷ்போர்டுக்கு உள்ளே வயர்க்கட்டு முழுக்க ஒன்றாக உருகி ஒட்டியதைப் பார்த்தவன் நான்.

இன்னொன்று. மீட்டர் முள் நகரவில்லை, என்ஜின் எண்ணெய் எச்சரிக்கை விளக்கு சாவி போட்டாலும் வரவில்லை என்றால் அது இந்தப் பியூஸ் இல்லை. டொயோட்டாவில் அதற்கு 'கேஜ்' என்று தனியாக ஒன்று இருக்கும். ரிவர்ஸ் விளக்கும் கூடவே செத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தோட்டத்துக்குள் வண்டி நிறுத்துகிறவர்கள் எலியையும் மறந்துவிடாதீர்கள். குலை தின்ன வரும் எலிக்குத்தானே செம்பனைத் தோட்டங்களில் ஆந்தைப் பெட்டி வைக்கிறார்கள். எங்கள் டிவிஷனில் ஒரு வண்டி ஆந்தைப் பெட்டிக்கு நேர் கீழேதான் நிற்கும். அந்த வண்டியின் வயரைத்தான் எலி கடித்து வைத்திருந்தது.

பெர்ஜுந்தைக்காரன்:

கணக்குக்கு நன்றி ஐயா. அந்த 30-ஐக் குப்பையில் போட்டுவிட்டேன், பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் சொல்லிவிட்டேன். பம்பருக்கு வெல்டிங் செய்த பையனிடமும் போய்க் காட்டினேன். "வயர் இருந்துச்சா அண்ணே?" என்றான். அவன்மேல் கோபமில்லை, பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்தானே.

பிளேட் பல்புக்கு எல்ஈடி போட்டேன், முதலில் எரியவில்லை. மறுபடியும் ஷார்ட்டோ என்று நெஞ்சு திக்கென்றது. கழற்றித் திருப்பிப் போட்டதும் எரிந்தது. அதற்குப் பிளஸ் மைனஸ் உண்டாம், சாதாரணப் பல்பு மாதிரி இல்லை.

இப்போது ஒன்றே ஒன்று பாக்கி. எண்ணெய் மீட்டர் பக்கத்துப் பல்பு மட்டும் நினைத்தபோது எரிகிறது. மீட்டருக்குப் பின்னால் அந்தப் பல்பு ஹோல்டர் செம்புத் தகட்டைத் தொடும் இடத்தில் பிடிமானம் போயிருக்கும், கழற்றி ரப்பரால் தேய்த்துத் திருகிப் போடு என்கிறார் மாமா. மீட்டரைக் கழற்ற எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ராத்திரியில் எண்ணெய் பார்க்க வேண்டுமென்றால் டாஷ்போர்டில் ஒரு தட்டு தட்டுகிறேன். பையன் இப்போதெல்லாம் நான் கேட்காமலே தட்டிவிடுகிறான்.